என் மனைவியின் நடையும் பக்கத்துத் திடலின் உறுமியும்

ரயில் கதவு மூடியபோது நான் உள்ளே இருந்தேன்; என் மனைவி நடைமேடையில் நின்றாள்.

கிள்ளான் நிலையத்தில் ஒரு சனிக்கிழமை காலை அது. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டிருந்தோம். கொமுட்டர் ரயில் வந்து நின்றதும் நான் முதலில் ஏறித் திரும்பி அவளுக்குக் கையை நீட்டினேன். அவள் கதவின் விளிம்பில் நின்றபடி தன் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாம்மா, வா" என்றேன். "வரேன்" என்றாள். ஆனால் கால் வரவில்லை. மணி அடித்தது, கதவு மூடியது, ரயில் நகர்ந்தது. கண்ணாடியைத் தட்டித் தட்டி நான் என்னவோ கத்தினேன். அவள் முகத்தில் பயம் இல்லை. மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு பார்வை இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்துத் திரும்பி வந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நிலையத்துக் காவலாளி, ஒரு மலாய்க்காரர், துணைக்கு நின்றிருந்தார். யார் உன்னை நகர்த்தினார்கள் என்று கேட்டேன்.

"யாரும் நகர்த்தல. ரயில் போனதும் காலு தானா வந்துருச்சு" என்றாள்.

அன்று நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பிச் சோறும் முட்டையும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு பல மாதம் அவள் ரயில் ஏற மறுத்துவிட்டாள்.

அவளுக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. வயது ஐம்பத்தாறு. கை நடுக்கம்தான் முதலில் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அவளுக்கு நோய் முதலில் தெரிந்தது இசையில். இருபத்தெட்டு வருடமாக எங்கள் தேவாலயச் சபையில் அவள்தான் ஆர்கன் வாசித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளது இடது கையின் கீழ்ச்சுரங்கள் வலது கைக்கு ஒரு நொடியில் பாதி பின்தங்கி வந்தன. ஆர்கனில் கோளாறு என்றார்கள் சபையார். அவளும் அதையே நம்பினாள். பழுது பார்ப்பவரை இரண்டு முறை வரவழைத்தோம். இரண்டு முறையும் அவர் எல்லாக் கட்டைகளையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே பாஸ்" என்று போய்விட்டார்.

பிறகு அவள் கையெழுத்து வரிக்கு வரி சிறுத்தது. கறிவேப்பிலை தாளித்த வாசனை தெரியவில்லை என்றாள். நடக்கும்போது இடது கை வீசாமல் உடலோடு ஒட்டிக்கொண்டிருப்பதை என் அக்கா கவனித்தாள். மருத்துவரிடம் போனோம். அந்த வருட ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் அவளாகவே ஆர்கனின் மூடியைச் சாத்திச் சாவியைப் போதகரிடம் கொடுத்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளே முடிவெடுத்தாள். 

நான் ரயில்வேயில் சிக்னல் பார்த்த ஆள். முப்பத்தோரு வருட வேலை. இசைக்கும் எனக்கும் உள்ள தொடர்பு அவளைக் கட்டிக்கொண்டதுதான். பாட்டுக்குக் கை தட்டச் சொன்னால் நான் ஊரோடு சேராமல் தட்டுவேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் சபையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தட்டாதீங்க, சும்மா பாடுங்க. பாடறதையும் மெதுவா பாடுங்க" என்றாள். அன்றிலிருந்து நான் தட்டியதில்லை.

ரயில் சம்பவத்துக்குப் பிறகு மருத்துவர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பதில்லை. மூளைக்குள் ஆழத்தில் ஒரு பகுதி, அடுத்த அடி இப்போது, அடுத்த அடி இப்போது என்று நமக்குத் தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறது. அது வேலை செய்ய ஒரு இரசாயனம் வேண்டும். என் மனைவிக்கு அது குறைந்துவிட்டது. அதனால் கால்களில் பலம் இருந்தும், புறப்படச் சொல்ல ஆள் இல்லை. கதவு, வாசற்படி, குறுகலான இடம், திரும்பும் இடம், இங்கெல்லாம் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் காது வழியாக வெளியிலிருந்து ஒரு கணக்கு வந்தால் சிலருக்குக் கால் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும் என்றார்.

உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஒரு மலாய்ப் பெண் வந்தார். கைபேசியில் 'டிக், டிக்' என்று அடிக்கும் தாளக்கருவியை வைத்துக்கொண்டு, "சத்து, டுவா, சத்து, டுவா" என்று மலாயில் ஒன்று, இரண்டு எண்ணியபடி ஆஸ்பத்திரி நடைபாதையில் அவளை நடக்கவைத்தார். நடந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த டிக் டிக்கை அணைக்கச் சொல்லிவிட்டாள்.

"ஏம்மா, நல்லாத்தானே நடந்த?"

"ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லங்க. வெறும் பள்ளம். காலை எது மேல வைக்கறது?"

எனக்குப் புரியவில்லை. பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். சரி, அவளுக்குப் பிடித்த கீர்த்தனைகளையே போடுவோம் என்று போட்டால், அதில் வேறு சிக்கல் வந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் பாட்டு கொஞ்சம் நின்று மூச்சு வாங்கும்; அவளும் அங்கேயே நின்றுவிடுவாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நின்றபடி, "இந்த இடத்துல ஆர்கன்காரர் அவசரப்படறார்" என்று விமர்சனம் வேறு.

எங்கள் வீடு கிள்ளானில் ஒரு தாமானில், குடியிருப்புப் பேட்டையில், வரிசை வீடு. நாலு வீடு தள்ளி ஒரு பாடாங், பிள்ளைகள் பந்து விளையாடும் திடல். அதன் ஓரத்தில் கூரை போட்ட பூப்பந்து மைதானம். ஞாயிறு மாலைகளில் ஓர் உறுமி மேளக் குழு அங்கே பயிற்சி செய்யும். கோயில் திருவிழாக்களில் காவடிக்கு முன்னால் வாசிப்பவர்கள். உறுமி ஒரு பக்கம் அடி விழும் வாத்தியம். மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்தால் நெஞ்சுக்குள் இழுப்பதுபோல ஓர் உறுமல் எழும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசித்தால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும்.

என் மனைவிக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. நோய் வருவதற்கு முன் ஞாயிறு மாலையில் பிள்ளைகள் அவளிடம் பியானோ படிக்க வருவார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நேரே மைதானத்துக்குப் போய் அவர்களைத் திட்டிவிட்டு வந்தாள். அதோடு விடவில்லை. குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். சங்கம் கூடி, மாலை ஆறு மணிக்கு மேல் வாசிக்கக்கூடாது என்று முடிவு செய்தது. அதற்குப் பிறகு குழுவினர் எங்கள் வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். அவளுக்கு இல்லை.

ரயில் சம்பவத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு மாலை, ஐந்து மணி இருக்கும். கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று அவளை வெளியே கூட்டிப் போனேன். எங்கள் வீட்டு இரும்புக் கேட் தரையில் ஒரு தண்டவாளத்தின் மேல் ஓடும். அந்தக் கோட்டில் வந்ததும் அவள் பாதம் ஒட்டிக்கொண்டது. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். முழங்காலைத் தூக்கு, கோட்டைத் தாண்டு, என் செருப்பைப் பார். எதுவும் நடக்கவில்லை.

அப்போது திடலில் உறுமி தொடங்கியது.

அவள் இடது கால் எழுந்தது. கோட்டைத் தாண்டியது. வலது கால் தொடர்ந்தது. நான் கையை எடுக்கவும் மறந்து கூடவே ஓடினேன். ஒரு வீடு, இரண்டு வீடு, மூன்று. அவள் இடது கை வீச ஆரம்பித்திருந்தது. வருடக்கணக்காக அந்தக் கை வீசி நான் பார்க்கவில்லை. நாலாவது வீட்டுக்கு முன்னால் வாத்தியம் நின்றது. யாரோ தோலை இழுத்துக் கட்டுகிறார்கள்போலிருக்கிறது. சாலையின் நட்டநடுவில் அவளும் நின்றுவிட்டாள். பின்னால் வந்த கார் ஹார்ன் அடித்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மறுபடியும் உறுமி எழுந்தது. அவள் ஓரத்துக்கு நடந்தாள்.

மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். "இது என்னங்க அநியாயம்!" என்றாள். "போயும் போயும் இதுக்கா?"

அவர்களிடம் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.  "கடிதம் எழுதுனது நான். நானே போறேன்."

மைதானத்துக்குள் நாங்கள் நுழைந்ததும் வாசிப்பு அறுந்து நின்றது. குழுத் தலைவருக்கு நாற்பது வயது இருக்கும். துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். இவளைப் பார்த்ததும் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"ஆன்டி, இன்னும் ஆறு கூட ஆவல லா."

"நிப்பாட்டச் சொல்ல வரல தம்பி. இன்னும் கொஞ்சம் வாசிக்க முடியுமான்னு கேக்க வந்தேன்."

அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பேசவிடவில்லை. நோய் வந்ததால் அவள் குரல் தணிந்துபோயிருந்தது. பன்னிரண்டு பேரும் அருகில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டார்கள். ஆர்கனை விட்டது, ரயில் போனது, வாசல் கேட்டின் கோடு, எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "அன்னைக்கு உங்கள அவ்வளவு கடுமையா பேசியிருக்கக் கூடாது" என்றாள்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "அது பரவால்ல ஆன்டி. உக்காருங்க மொதல்ல" என்றார்.

பிறகு உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக வாசித்தார். நட என்று நான் சொன்னேன். அது நான் செய்த தப்பு. தாளம் அவளுக்கு மிஞ்சிய வேகம். அவள் அடிகள் குறுகிக் குறுகி, ஓட்டமும் நடையுமாகி, உடல் முன்னால் சாய்ந்துவிட்டது. நான் பிடித்திராவிட்டால் சிமெண்டுத் தரையில் விழுந்திருப்பாள். அவர் கை சட்டென்று நின்றது.

"ஆன்டி, என் தாளத்துக்கு நடக்காதீங்க. சும்மா நில்லுங்க. நின்ன எடத்துலயே இந்தக் கால்ல கொஞ்சம், அந்தக் கால்ல கொஞ்சம் சாயுங்க."

அவள் சாய்ந்தாள். அவர் வாசிக்காமல் அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அவள் சாய்வுக்குச் சரியாக, மிக மெதுவாக, ஓர் அடி, ஓர் உறுமல். ஓர் அடி, ஓர் உறுமல். கொஞ்சம் கழித்து அவள் சாய்வு பெரிதானது. பாதம் தானாக எழுந்தது. அவர் பின்னோக்கி நடக்க, அவள் அவரைப் பார்த்து நடந்தாள். பூப்பந்துக் கோடுகள் ஒவ்வொன்றையும் தாண்டினாள். மைதானத்தின் மறுமுனையில் திரும்ப வேண்டியிருந்தது. திரும்புவதுதான் அவளுக்கு எப்போதும் பெரிய கண்டம். அங்கே அவர் உறுமலை நீட்டினார். அந்த நீட்டலிலேயே அவள் வட்டமாகத் திரும்பி வந்துவிட்டாள்.

"எப்படித் தம்பி தெரிஞ்சது, எங்க நீட்டணும்னு?"

"பாதத்தப் பாத்துதான் ஆன்டி. கோயில்ல சாமி வர்றவங்களுக்கும் இப்படித்தான். மொதல்ல நாங்க அவங்க பின்னால போவோம். அப்புறம் அவங்க எங்க பின்னால வருவாங்க."

அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன். ஒரு வாத்தியக்காரர் இன்னொரு வாத்தியக்காரரிடம் பேசும் முகம். "நான் தோளைப் பாப்பேன்" என்றாள். "ஆர்கன் மேல ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். அதுல சபை தெரியும். வயசானவங்க நெறைய பேர் வந்திருக்கற அன்னைக்கு மூணாவது வரியிலேயே தோள் ஏறும். மூச்சு பத்தலன்னு அர்த்தம். அந்த எடத்துல நான் ஒரு இழை நேரம் கூட்டிக் குடுப்பேன். யாருக்கும் தெரியாது."

"அதான் ஆன்டி! அதேதான்!" என்றார் அவர்.

எனக்கு அன்றுதான் ஒன்று விளங்கியது. இசை உடம்பை ஆட்டுவிக்கிறது என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். இருபத்தெட்டு வருடம் அவளது ஆர்கனுக்குப் பாடியிருக்கிறேன். என் மூச்சு தீரும் இடம் அவளுக்குத் தெரிந்து, அதற்கு ஏற்ப அவள் பாட்டை வளைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பாட்டுக் கட்டியவர்கள் மூச்சின் நீளத்துக்குப் பாட்டின் வரியை வெட்டியிருக்கிறார்கள். நடையின் நீளத்துக்குத் தாளத்தை வெட்டியிருக்கிறார்கள். டிக் டிக் கருவியில் என்ன இல்லை என்று அவள் சொன்னதும் அப்போதுதான் புரிந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கால் காற்றில் இருக்கிறது. உறுமியின் இழுப்பு அந்த நேரத்தை நிரப்புகிறது.

அடுத்த வாரம் குழுத் தலைவர் தன் கைபேசியில் ஆறு வேகத்தில் ஆறு பதிவு செய்து எங்களுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவருடைய குரல், "இது ரொம்ப மெதுவு ஆன்டி," "இது பாசாருக்குக் காய்கறி வாங்கப் போற வேகம்" என்று. காதில் ஒரு பக்கம் மட்டும் சின்ன ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு அவள் நடந்தாள். மறு காது எனக்கும் கார்களுக்கும். காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து நாலாவது வேகம் பொருந்தும். மாத்திரையின் பலம் தீரும் நேரத்தில் இரண்டாவதுதான். தவறான வேகத்தைப் போட்டால் கால் உடனே சொல்லிவிடும். நான் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். மருத்துவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மதிய மாத்திரையை அரை மணி முன்னால் நகர்த்தினார்.

இந்தச் சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனமும் நடந்தது. ஒரு புதன்கிழமை, உறுமி இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று என்னிடம் சொல்லாமல் அவள் மதிய வேளை மாத்திரையைத் தள்ளிவைத்துவிட்டாள். நான் வங்கிக்குப் போய்த் திரும்பி வந்தபோது சமையலறையில் பாத்திர மேடையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். காதில் உறுமி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்றேன். தெரியவில்லை என்றாள். நாற்காலிக்கு நகர்த்தும்போது இருவரும் சேர்ந்து விழுந்தோம். அவளுக்கு முழங்கை கன்றிப்போனது; எனக்கு இடுப்பு.

மருத்துவர் கோபப்படவில்லை. "மருந்து வண்டிக்குப் பெட்ரோல். தாளம் சாவி. சாவி இருக்குன்னு பெட்ரோல் ஊத்தாம விடலாமா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வேளையும் தவறியதில்லை. அவளுக்கு முன்னால் நான் மாத்திரையை எடுத்துவைத்துவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். ரயில் வருவதற்கு முன்பே அவள் நின்ற இடத்தில் சாய ஆரம்பித்தாள். கதவு திறந்தது. நாலாவது வேகம். என் கையைத் தட்டிவிட்டுத் தானே ஏறினாள். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கும்போதும் அப்படியே. என் அக்கா வீட்டுக்கு நடக்கும் வழியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஒலிபெருக்கி அலறியது. அவள் காதில் இருந்த உறுமி அதில் மூழ்கிவிட்டது. கால் தடுமாறியது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகில் விரலால் தட்டினேன். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. அவள் நின்றுவிட்டாள்.

"நீங்க தட்டறது தாளமே இல்லங்க" என்றாள். கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதனால் நான் தாளம் கற்றுக்கொள்ளப் போனேன். அறுபத்திரண்டு வயதில். ஞாயிறு மாலையில் குழுவோடு ஓரமாக உட்கார்ந்து தொடையில் தட்டிப் பழகினேன். முதல் மூன்று வாரம் குழுவில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பாமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள். தலைவர்தான் ஒருநாள் சொன்னார்: "அங்கிள், கையால எண்ணாதீங்க. எந்திரிச்சு நடந்துகிட்டே தட்டுங்க. காலுக்குத் தெரியும்." நடந்தேன். உண்மைதான். என் கைக்குத் தெரியாதது என் காலுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அவள் முதுகில் நான் தட்டினால் அவள் நடக்கிறாள். தினமும் காலையில் நாற்பது நிமிடம் இரண்டு பேரும் ஒரே அடியில் நடக்கிறோம். என் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது; என் மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். சில நாள் திரும்பி வந்து உட்காரும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு இறங்குவதைக் கவனித்திருக்கிறேன்.

ஒருநாள் கைபேசியை வீட்டில் மறந்துவிட்டோம். பாசாரில் மீன்கடை வரை அவள் தானாகவே நடந்தாள். நான் தட்டவும் இல்லை.

"எப்படி?" என்றேன்.

"உள்ள ஓடுது. ஆராதனைக்கு முன்னாடி பாட்டை மனசுக்குள்ள வாசிச்சுப் பாப்பேன்ல, அந்த மாதிரி" என்றாள். "எல்லா நாளும் ஓடாது. இன்னைக்கு ஓடுது."

அதுதான் நிலைமை. நோய் போகவில்லை. போகாது என்று எங்களுக்குத் தெரியும். போன வருடம் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். ஆர்கன் வாசிக்க விரல் வராது. ஆனால் அவளுக்கு வேறு ஒரு வேலை வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை நடக்கவைத்த அந்த மலாய்ப் பெண்தான் தொடங்கிவைத்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டு ஒரு ஞாயிறு நேரில் வந்து பார்த்தார். அடுத்த முறை தன்னிடம் சிகிச்சைக்கு வரும் மூவரைக் கூட்டி வந்தார். சனிக்கிழமை காலை பூப்பந்து மைதானத்தில் இரண்டு உறுமி மட்டும் வைத்து நடைப்பயிற்சி என்று ஆனது. சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். கோயில் மேளத்துக்கு நம் ஆர்கன்காரம்மா நடக்கிறாரா என்று ஒருவர் என்னிடமே கேட்டார். போதகர் குறுக்கிட்டு, "நடக்கறாங்களா இல்லையா, அத சொல்லுங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பிறகு சபையிலிருந்தே ஒரு பெரியவர் வந்தார்.

போன மாதம் ஜெஞ்சாரோம் என்ற சிற்றூரிலிருந்து ஒரு சீனர் வந்தார். எழுபது வயது இருக்கும். இரும்புச் சாமான் கடை நடத்தி ஓய்ந்தவர். அவருடைய மனைவி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார். வீட்டுக்குள்ளேயே நாலு அடிக்கு மேல் கால் வராதாம். உறுமி வாசித்தார்கள். நாங்கள் பிடித்துக்கொள்ள அவர் எழுந்து நின்று சாய்ந்து பார்த்தார், கால் எழவில்லை. வேகத்தை மாற்றினார்கள். அப்போதும் இல்லை; திரும்ப உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவின் முகம் வாடியது. என் மனைவி நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மலாயில் கேட்டாள், சின்ன வயதில் எந்தச் சத்தத்துக்கு உங்கள் கால் ஆடும் என்று. அவர் யோசித்தார். பிறகு நடுங்கும் விரலால் கைபேசியைத் தட்டித் தட்டி ஒன்றைத் தேடி எடுத்தார். சிங்க நடனத்துப் பறை. இளவயதில் அவர் சிங்கத்தின் பின்னங்காலாக ஆடியவராம். பன்னிரண்டு வருடம்.

குழுத் தலைவர் கைபேசியைக் காதோடு வைத்து இரண்டு முறை கேட்டார். "போலே, போலே," முடியும் முடியும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே உறுமியைத் திருப்பிப் பிடித்தார். தேய்க்கும் குச்சியைத் தள்ளிவைத்துவிட்டு, அடிக்கும் குச்சியால் மட்டும் அந்தத் தாளத்தை எடுத்தார். முதலில் சரியாக வரவில்லை. சீனர் நாற்காலியின் கைப்பிடியில் தட்டித் திருத்தினார். மறுபடி எடுத்தார். மூன்றாம் தடவை பெரியவரின் முழங்கால் குதித்தது. நானும் அவர் மனைவியும் இரண்டு பக்கமும் நின்றோம். எழுந்தார். சாய்ந்தார். நடந்தார். வலைக்கம்பம் வரை போனார், பதினெட்டு அடி. அவர் மனைவி சீனத்தில் என்னவோ கத்தினார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் என் கண் நிறைந்துவிட்டது.

என் மனைவி வாத்தியக்காரருக்குக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தாள்: மெதுவாக, இன்னும் மெதுவாக, இப்போது கொஞ்சம் நீட்டு. கை நடுங்கியது. அவர் அந்த நடுக்கத்தை விட்டுவிட்டு அவள் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டு வாசித்தார்.

அடுத்த சனிக்கிழமை ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு வேனில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். எல்லாரும் அந்தப் பெரியவரின் அக்கம்பக்கத்தார். நாற்காலி போதவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த நாலையும் தூக்கி வர நான் வீட்டுக்கு ஓடினேன்.